மஞ்சள் சேலையோடு பெங்களூரில்...

பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தில் சென்னை அணியின் ஐ.பி.எல். ஆட்டம் பார்க்க மகள் அழைத்துப் போனாள். எனக்கு மஞ்சள் சேலை. சுற்றிலும் சிவப்புச் சட்டைகள். நம்ம ஆள் சிக்ஸர் அடித்ததும் என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். பக்கத்து சீட் கன்னடப் பெண் முறைப்பாள் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்!

காரைக்குடி திரும்பினால், பெங்களூர் சட்டை போட்ட எதிர்வீட்டுப் பையனை என் பேரனும் கூட்டாளிகளும் அழ வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேலி வேறு, அழ வைப்பது வேறு இல்லையா? 1999-ல் டெண்டுல்கர் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். அன்று பாகிஸ்தான் அணிக்கே எழுந்து நின்று கைதட்டியது நம்ம சேப்பாக்கம். பேரனிடம் சொன்னேன். "தோத்ததுக்கா அப்பத்தா கைதட்டினாங்க?" என்கிறான்.

அடுத்த மேட்சுக்கு அந்தப் பையனைச் சிவப்புச் சட்டையோடேயே வரச் சொல்லியிருக்கிறேன். பணியாரம் முதலில் அவனுக்குத்தான்.

- ஒரு வாசகி, காரைக்குடி.