பாட்டு வாயில் இருக்கிறது, புத்தகம் எங்கே?

குழந்தைக் கவிஞர் வள்ளியப்பாவுக்கு மவுசு குறையாதது ஏன்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது மூங்கில்துறைப்பட்டு. தென்பெண்ணை ஆற்றங்கரை ஊர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ள ஊர். மேற்கே கல்வராயன் மலை. சுற்றிலும் கரும்புத் தோட்டம்.

இந்தப் பக்கத்தில் யாரையாவது நிறுத்தி, "அழ.வள்ளியப்பாவைத் தெரியுமா?" என்று கேட்டால், பலர் யோசிப்பார்கள். "எந்தத் தெருக்காரர்?" என்று சிலர் திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள்.

"தட்டில் எட்டு லட்டு இருந்ததே, அந்தப் பாட்டுத் தெரியுமா? மல்கோவா மாம்பழப் பாட்டு?" என்று கேட்டால் என்ன ஆகும்? முகம் மலர்ந்துவிடும். பாதிப் பேர் பாடியே காட்டிவிடுவார்கள்.

எழுதியவர் பெயர் மறந்துபோயிற்று. பாட்டு மறக்கவில்லை!

ஒரு கவிஞருக்கு இதைவிடப் பெரிய வெற்றி உண்டா? இல்லை. ஆனால், இந்த வெற்றிக்குள்ளே ஒரு கவலையும் ஒளிந்திருக்கிறது.

யார் இவர்?

புதுக்கோட்டைச் சீமையில் ராயவரம் என்ற ஊரில் 1922-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி பிறந்தவர் வள்ளியப்பா. சென்னைக்கு வந்து "சக்தி" பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தார். பிறகு இந்தியன் வங்கியில் சேர்ந்தார்.

பகலெல்லாம் வங்கியில் கணக்கு. மனத்திலோ குழந்தைகளுக்கான பாட்டு! 1944-ல் "மலரும் உள்ளம்" என்ற அவருடைய பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. அதன் பிறகு அவர் எழுதிக்கொண்டே இருந்தார். மொத்தம் 2,000 பாட்டுகளுக்கு மேல் எழுதினார். காந்தியின் வாழ்க்கையைப் "பாட்டிலே காந்தி கதை" ஆக்கினார். "நம் நதிகள்" என்ற புத்தகத்தில் ஆறுகளைப் பற்றிச் சொன்னார்.

தான் மட்டும் எழுதினால் போதாது என்று நினைத்தார். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். பலரைக் கூட்டிச் சேர்த்து எழுத வைத்தார். "பூஞ்சோலை", "கோகுலம்" ஆகிய பத்திரிகைகளுக்கு ஆசிரியராக இருந்தார். 1989-ல் மறைந்தார்.

அவர் மறைந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்கு இன்று பேரப்பிள்ளைகள்கூட இருக்கலாம். அந்தக் குழந்தைகளும் அதே பாட்டைத்தான் பாடுகின்றன.

லட்டில் ஒரு பாடம்

அந்தப் பாட்டுகளில் அப்படி என்ன இருக்கிறது?

லட்டுப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். தட்டில் எட்டு லட்டு. பாதியை அண்ணன் எடுத்துக்கொள்கிறான். மீதிப் பாதி தங்கைக்கு. கடைசியில் காலித் தட்டு! கதை அவ்வளவுதான்.

ஆனால், பாடி முடிக்கும்போது எட்டில் பாதி நான்கு என்ற கணக்குக் குழந்தைக்கு வந்துவிடுகிறது. அடித்துச் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாத கணக்கு, ஆசையினால் ஏறிவிடுகிறது.

அதற்குள் இன்னொரு பாடமும் இருக்கிறது. அண்ணனுக்கு எத்தனையோ, தங்கைக்கும் அத்தனை! பையனுக்கு ஒரு பங்கு, பெண்ணுக்கு அரைப் பங்கு என்று பரிமாறிய வீடுகள் நம் நாட்டில் கொஞ்சமா? அந்த வீடுகளுக்குள்ளும் இந்தப் பாட்டு நுழைந்தது. புத்திமதி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், சமமாகப் பங்கு போட்டுக் காட்டியது.

இதுதான் வள்ளியப்பாவின் கெட்டிக்காரத்தனம். லட்டு, மாம்பழம் என்று குழந்தை கண்ணால் பார்த்ததை, கையால் தொட்டதைப் பாடினார். சின்னச் சின்னச் சொல்லாகப் போட்டார். ஒரு வரி முடியும்போதே அடுத்த வரி நாக்கில் வந்து நிற்கும்படி செய்தார்.

காசில்லாத சொத்து

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பாட்டுக்குக் காசு வேண்டாம். விளக்கு வேண்டாம். புத்தகம்கூட வேண்டாம்.

பொழுது விடியுமுன் கரும்பு வெட்டப் போகிற தாய், பிள்ளைக்குக் கதைப் புத்தகம் வாங்கித் தர முடியாமல் இருக்கலாம். பாட்டி கையெழுத்துப் போடத் தெரியாதவளாக இருக்கலாம். ஆனாலும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக் கொடுத்த பாட்டைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. பாட்டியும் கேட்டுக் கற்றுக்கொள்கிறாள். கல்வராயன் மலையில் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் இந்தச் சொத்தில் பங்கு உண்டு.

அப்படியானால் கவலை என்ன?

வாயில் இருக்கிற பாட்டு, கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. அதுதான் கவலை.

எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும்போது முதல் பக்கம் ஒரு மலை மாதிரி தெரியும். அந்தப் பக்கத்தில் ஏற்கனவே தெரிந்த பாட்டு இருந்தால்? விரல் ஓடும் இடத்துக்கு முன்னாலேயே வாய் ஓடும். "நான் படித்துவிட்டேன்!" என்று குழந்தை குதிக்கும். அந்தத் தைரியத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டும். குழந்தைக்கு மட்டுமல்ல, வயது வந்த பிறகு எழுத்தறிந்த தாய்க்கும் இது பொருந்தும்.

ஒரு காலத்தில் அதற்கு வழி இருந்தது. 1947-ல் "அம்புலிமாமா" வந்தது. "கண்ணன்", "அணில்", "பூஞ்சோலை" என்று சிறுவர் பத்திரிகைகள் வீடு தேடி வந்தன. பாட்டில் ருசி கண்ட பிள்ளை கதைக்குப் போயிற்று. இந்தப் பத்திரிகைகள் எதுவும் இன்று வெளிவருவதில்லை.

இப்போது பாட்டு செல்போனில் வருகிறது. படம் ஆடுகிறது, குரல் பாடுகிறது. நல்லதுதான். ஆனால், செல்போனே பாடிவிட்டால் பிள்ளை எதற்குப் பாட வேண்டும்? வாய் மூடிக் கொள்கிறது. கண் மட்டும் விழித்திருக்கிறது. யார் எழுதிய பாட்டு என்பதையும் பெரும்பாலும் அதில் சொல்வதில்லை. பெயர் தெரியாவிட்டால், அவர் எழுதிய மற்றப் புத்தகங்களைத் தேடுவது எப்படி?

2,000 பாட்டுகளில் நம் வீடுகளுக்குத் தெரிந்தவை ஐந்தோ ஆறோதான். மற்றவை புத்தகத்துக்குள் தூங்குகின்றன.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். ஆகவே, நூலகத்தில் இருக்கிற புத்தகம் யாரோ போட்ட தர்மம் அல்ல. மூங்கில்துறைப்பட்டுக்காரர் கட்டிய வரியும் அதில் இருக்கிறது!

பிள்ளையின் கையைப் பிடித்து நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். "வள்ளியப்பா பாட்டுப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், "வரவழைத்துக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். பள்ளிக்கூடத்திலும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் நடக்காதது ஒன்றும் இல்லை.

பாட்டைப் பாதுகாக்கும் வேலையைத் தாய்மாரும் வாத்தியார்களும் இத்தனை காலம் செய்துவிட்டார்கள். இனி அந்தப் பாட்டைப் பிள்ளை தானே படிக்க வேண்டும். அதற்குப் புத்தகம் கைக்கு வர வேண்டும்.

தட்டில் இருந்த லட்டு தீர்ந்துவிடும். புத்தகத்தில் இருக்கிற பாட்டு, எத்தனை பிள்ளைகள் எடுத்தாலும் தீராது!