நாற்பத்தைந்தாம் நாளில் தாயையும் பாருங்கள்

மேலூர் வட்டத்துத் திருவாதவூரில் அவதரித்த மாணிக்கவாசகர், போற்றித் திருவகவலில், கருவிலிருக்கும் உயிர் மாதந்தோறும் எந்தெந்த அபாயத்துக்குத் தப்பிப் பிழைக்க வேண்டியிருக்கிறது என்பதை ஒவ்வொரு மாதமாக எண்ணிச் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கில் இன்று நாம் சேர்த்தாக வேண்டிய அபாயம், நோவும் காய்ச்சலும் காட்டாமல் வந்து புகும் கர்ப்பகாலச் சர்க்கரை நோய்.

தாயின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைகிறது. தாயின் இன்சுலினோ அவ்வாறு கடப்பதில்லை. ஆகவே சிசுவின் கணையம் தானே மிகுதியாக இன்சுலினைச் சுரக்க, மிஞ்சிய சர்க்கரை கொழுப்பாகப் படிந்து, சிசு அளவு மீறிப் பருக்கிறது. நாலு கிலோப் பிள்ளை என்று பூரிக்கும் உறவினருக்கு, அந்தப் பருமனே பிரசவத்தில் தோள் சிக்குவதற்கும், தொப்புள்கொடி அறுந்த சில மணி நேரத்திற்குள் சர்க்கரை தாழ்ந்து குழந்தை துவள்வதற்கும் காரணமாகலாம் என்பது தெரிவதில்லை. தாய்க்கு இரத்த அழுத்தமும் பனிக்குட நீரும் மிகலாம். கவனியாது விட்டால் சிசு கருவிலேயே மரிப்பதும் உண்டு.

இவ்விஷயத்தில் தமிழ்நாடு பெருமைப்பட நியாயம் இருக்கிறது. சென்னை டாக்டர் வி. சேஷையா போன்றோரின் இடைவிடாத முயற்சியின் பயனாக, கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை உண்டு என்று 2007இல் நம் அரசு விதித்தது; அவர் பிறந்த மார்ச் 10, நாடெங்கும் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு தினமாகியிருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கையில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் என்று கொள்வது இம்முறை. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. விடியலில் கஞ்சி குடித்துவிட்டுப் பஸ் ஏறி வந்தவளை, நாளை வா என்று திருப்பி அனுப்பாத இந்தச் சோதனையில், வைத்திய ஞானத்தோடு ஸ்திரீகளின் வாழ்க்கையை அறிந்த கருணையும் கலந்திருக்கிறது.

முதற் சோதனையில் சர்க்கரை இல்லையென்றாலும் 24 முதல் 28 வாரத்திற்குள் மறுபடி பார்க்க வேண்டும். நம் வீடுகளில் வளைகாப்பு நடந்து, பெண் தாய்வீடு போகும் காலத்தை ஒட்டியே அது வருகிறது. வளையல் அடுக்கும் முன்பே அச்சோதனை முடிந்திருக்கிறதா என்று மாமியாரும் தாயாரும் கேட்டறிவது நல்லது. சர்க்கரை கண்டவர்களுக்கு இன்சுலின் ஊசியை ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் விடாது என்ற பயமும் வீண். பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு அது நின்றுவிடுகிறது.

நின்றுவிடுவதனாலேயே நோயும் நீங்கிற்று என்று எல்லோரும் மறந்துபோகிறார்கள். நம் கவலை இதுவே. கர்ப்பத்தில் சர்க்கரை கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு என்று, 2009இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுசோதனை வேண்டும் என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன. ஆனால், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனக்கென்று ஒரு நாளை ஒதுக்கி ஆஸ்பத்திரிக்கு வரக்கூடிய தாய் நம் கிராமங்களில் எத்தனை பேர்? ஏறக்குறைய அதே சமயத்தில், நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்காக, அவளே குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். குழந்தைக்கு ஊசி போட்டு அட்டையில் குறித்து அனுப்பிவிடுகிறோம், தாயை ஒருவரும் விசாரிப்பதில்லை.

அந்த நாளிலேயே, அந்த இடத்திலேயே, தாய்க்கும் சர்க்கரைச் சோதனை நடந்தாக வேண்டும் என்பது நம் கோரிக்கை. இதற்கு மட்டும் வெறும் வயிறு அவசியமாதலால், முன்தினமே கிராம சுகாதார செவிலியர் சொல்லி வைத்து, பால் கொடுக்கும் தாய் பசியால் வாடாதபடி காலையில் முதலாவதாக அவளை அழைக்கலாம். செவிலியருக்கு இது கூடுதற் சுமைதான்; கூடுதலாக ஆள் நியமிப்பது சர்க்காரின் கடமை. சர்க்கரை நீடிப்பவர்களின் பெயர், 2021 முதல் வீடு தேடி மாத்திரை கொண்டு செல்லும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பதிவேட்டுக்கு அன்றே போக வேண்டும். மற்றவர்களுக்கும் ஆண்டுதோறும் ஒரு சோதனை வேண்டும். குளுக்கோஸ் குடித்துக் காத்திருக்கும் இரண்டு மணி நேரம் தாய் உட்கார ஒரு பெஞ்சும், குழந்தைக்கு ஒரு தூளியும், அதை ஆட்ட உடன் வந்த கணவனும் இருந்தால் போதும்.