தட்டியது யார்?

எழுத்தாளர்களின் டைப்ரைட்டர் படங்களைப் பார்த்து உருகுபவர்களோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. கார்மக் மெக்கார்த்தியின் ஒலிவெட்டி லெட்டெரா 32 கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அடகுக்கடையில் 50 டாலருக்கு வாங்கியது, 2009 கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,54,500 டாலருக்குப் போனது. இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறவர்கள் மிச்சக் கதையை விட்டுவிடுவார்கள். பழைய மெஷின் மக்கர் பண்ணத் தொடங்கியதும் நண்பர் ஒருவர் அதே மாடலை 11 டாலருக்கு வாங்கிக் கொடுத்தார். மனுஷன் பேசாமல் அதில் தட்ட ஆரம்பித்துவிட்டார். ஏலப் பணம் சாண்டா ஃபே ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. பற்று அவருக்கா, நமக்கா?

போகட்டும், அவராவது சொந்த விரலால் தட்டினார். ஹென்றி ஜேம்ஸ்? மணிக்கட்டு வலி வந்து 1890களின் கடைசியிலிருந்தே அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர்தான் தட்டினார். ரெமிங்டன் சத்தம் கேட்டால்தான் அவருக்கு வாக்கியம் ஓடுமாம். ரிப்பேருக்குப் போன ரெமிங்டனுக்குப் பதிலாக வேறு மெஷின் வந்தபோது திண்டாடிப் போயிருக்கிறார். அடடா, என்ன ஒரு பந்தம் என்று சொக்குகிறோம். ஏங்க, அந்தச் சத்தம் தானாகவா வந்தது? 1907 முதல் அதை எழுப்பிய விரல்கள் தியோடோரா போசன்கெட்டுடையவை. ஜேம்ஸிடம் வேலை பார்ப்பதற்காகவே தட்டச்சு கற்றுக்கொண்ட பெண். அந்த அறையில் வேலை எப்படி நடந்தது என்று 1924இல் புத்தகம் எழுதியதும் அவர்தான். ரெமிங்டனின் பெயர் நமக்கு மனப்பாடம். அவர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

நபகோவ் இன்னும் மோசம். அவர் டைப் அடிக்கவே மாட்டார். அட்டைகளில் பென்சிலால் எழுதுவார், மனைவி வேரா உட்கார்ந்து தட்டுவார். ஒரு பிரதி, அப்புறம் திருத்தம், மறுபடி ஒரு பிரதி. 'லோலிடா' கைப்பிரதியை எரிக்கப் போன கணவரைத் தடுத்ததும் இதே வேராதான். ரசிகர்கள் கொண்டாடுவது என்னவோ அந்த அட்டைகளை.

அதெல்லாம் அந்தக் காலத்து வழக்கம், அன்பினால் செய்தது என்பார்கள். அன்பினால் செய்ததாகவே இருக்கட்டும். அன்புக்கும் முதுகு வலிக்கும்தானே.

பால் ஆஸ்டரோடு மட்டும் எனக்குச் சண்டை இல்லை. தன் ஒலிம்பியா டைப்ரைட்டருக்காக ஒரு முழுப் புத்தகமே எழுதியவர்தான். ஆனால் நோட்டில் கையால் எழுதியதை, அலுப்புப் பிடித்த அந்த வேலையை, தானே உட்கார்ந்து தட்டினார்.