கண்ணீர் சாட்சியாகுமா?

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

நம் பள்ளி வரவேற்பறையின் கண்ணாடி அலமாரியில், மேல்தட்டின் ஓரமாக ஒரு வெள்ளிக் கோப்பை இருக்கிறது. சென்ற ஆண்டு மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டியில் நான் பெற்று வந்தது அது. ‘போரின் கொடுமை’ என்பது தலைப்பு. சகோதரிகளும் ஆசிரியைகளும் பாராட்டினார்கள். என் பெற்றோர் பூரித்துப் போனார்கள். அந்தக் கோப்பையைப் பற்றிய ஓர் உண்மையைத் தோழியருக்கும் பெரியோருக்கும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1990-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஈராக் படைகள் குவைத் நாட்டைக் கைப்பற்றின. அன்று நான் அதைப் பற்றித்தான் பேசினேன். பேச்சின் உச்சமாக ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன். ஈராக்கியச் சிப்பாய்கள் துப்பாக்கிகளுடன் மருத்துவமனைக்குள் புகுந்தார்களாம். இன்குபேட்டர் பெட்டிகளில் இருந்த பச்சிளங் குழந்தைகளை வெளியே எடுத்துக் குளிர்ந்த தரையில் சாக விட்டுவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். கண்ணால் கண்ட பதினைந்து வயதுப் பெண்ணே இதை அழுதுகொண்டு சொன்னாள் என்று கூறி நிறுத்தினேன். அரங்கம் அமைதியாயிற்று. நடுவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோப்பையோடு தாத்தாவைப் பார்க்கப் போனேன். என் அம்மாவின் தந்தையான அவர், 1990-இல் குவைத்தில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். அந்த ஆண்டு அங்கிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாயகம் திரும்பினார்கள். அவர்களில் அவரும் ஒருவர். ஈராக் வழியாகப் பேருந்தில் ஜோர்டானுக்குப் போய், பாலைவன முகாமில் காத்திருந்து, அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தாராம்.

அவர் முன்னால் என் பேச்சைப் பேசிக் காட்டினேன். தாத்தா கை தட்டவில்லை.

“அம்மாடி, அங்க கடைகளைச் சூறையாடினதைப் பார்த்தேன். ஆட்களைப் பிடிச்சிக்கிட்டுப் போனதைப் பார்த்தேன். அதெல்லாம் சத்தியம். ஆனா இந்தக் குழந்தைக் கதை பொய்னு அப்புறம் தெரிஞ்சு போச்சே! விசாரிக்காமலா மேடையில பேசின?” என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. நூலகப் பொறுப்பில் உள்ள சகோதரியின் உதவியுடன் பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். நான் அறிந்துகொண்டது இதுதான்.

1990 அக்டோபர் 10-ஆம் நாள், அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டனில், மனித உரிமையில் அக்கறை கொண்ட காங்கிரஸ் உறுப்பினர்கள் கூட்டிய கூட்டத்தில் நயிரா என்ற பெண் பேசினாள். அவளுக்கு வயது பதினைந்து. இன்று எனக்கும் அதே வயது. குவைத்தில் உள்ள உறவினருக்குத் தீங்கு நேரலாம் என்று சொல்லி, அவளுடைய முழுப் பெயரை மறைத்தார்கள். அது முறையான விசாரணைக் குழு அன்று. ஆகவே அவள் சத்தியப் பிரமாணம் செய்து பேசவில்லை. அவள் அழுததைத் தொலைக்காட்சிகள் நாடெங்கும் காட்டின. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் பலமுறை அக்கதையை எடுத்துச் சொன்னார். ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற புகழ்பெற்ற மனித உரிமை அமைப்பே, இவ்வாறு 312 குழந்தைகள் இறந்ததாக டிசம்பர் மாத அறிக்கையில் வெளியிட்டது. 1991 ஜனவரி 12-ஆம் நாள் அமெரிக்க செனட் சபை போருக்கு ஒப்புதல் அளித்தது. ஆதரவாக 52 வாக்குகள், எதிராக 47. சில செனட் உறுப்பினர்கள் தங்கள் பேச்சில் அந்தக் குழந்தைகளைக் குறிப்பிட்டார்கள். ஜனவரி 17-ஆம் நாள் குண்டு மழை தொடங்கிற்று.

பிப்ரவரி இறுதியில் குவைத் விடுதலை அடைந்தது. நிருபர்களும் மனித உரிமை அமைப்பினரும் அங்கே போய் மருத்துவர்களை விசாரித்தார்கள். கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆம்னஸ்டி ஏப்ரல் மாதம் தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. நயிரா யார் என்பதை 1992 ஜனவரியில் ஜான் மக்ஆர்தர் என்ற பத்திரிகையாளர் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் எழுதினார். அவள் அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள்! அவளை மேடையேற்ற உதவியது ஹில் அண்டு நோல்டன் என்ற விளம்பர நிறுவனம். அதற்குச் சுமார் ஒரு கோடி டாலர் கொடுத்தது குவைத்துக்காகப் பரிந்து பேசத் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு. அந்த அமைப்பின் பணமோ ஏறத்தாழ முழுவதும் குவைத் அரசு தந்தது.

அந்த ஒரு கதையால்தான் போர் மூண்டது என்று நான் சொல்லவில்லை. போருக்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் தயங்கி நின்ற மனங்களை அது அசைத்தது என்பதில் ஐயமில்லை.

மறு பக்கத்தாரும் சளைத்தவர் அல்லர். ஈராக் அதிபர் சதாம் உசேன் வெளிநாட்டுக் குடும்பங்களை வெளியேற விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, அவர்களை ‘விருந்தினர்’ என்று அழைத்தார். 1990 ஆகஸ்டில் தொலைக்காட்சியில் ஒரு பிரிட்டிஷ் சிறுவனின் தலையைத் தடவி, பால் குடித்தாயா என்று அன்போடு விசாரித்தார். பிணைக்கைதியை விருந்தினன் ஆக்குவதும் பொய்தானே?

போர் தொடங்கிய பிறகும் இதே நிலைதான். அமெரிக்க நிருபர்கள் சிறு குழுக்களாக, இராணுவ அதிகாரிகளின் துணையோடுதான் போர்முனைக்குப் போக முடிந்தது. அவர்கள் எழுதியதை இராணுவம் பார்வையிட்ட பிறகே அனுப்பினார்கள். குறி தவறாமல் பாயும் குண்டுகளின் படங்கள் நாள்தோறும் தொலைக்காட்சியில் வந்தன. ஆனால் வீசப்பட்ட குண்டுகளில் அத்தகையவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குண்டின் முனையில் உள்ள கேமரா, குண்டு இலக்கைத் தொட்டவுடன் இருண்டு போகும். கீழே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை அது காட்டாது. பிப்ரவரி 13-ஆம் நாள் பாக்தாத் நகரின் அமிரியா பதுங்கிடத்தின் மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. அவையும் குறி தவறாத குண்டுகள்தாம். அங்கே நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் குழந்தைகள் கதையில் வந்தவர்கள் அல்லர், உயிருள்ள குழந்தைகள்.

“குவைத் பக்கம் நியாயம் இருந்ததே! நல்ல காரியத்துக்காக ஒரு பொய் சொன்னால் என்ன?” என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தாத்தா கண்ட கொடுமைகள் மெய்யானவை. குவைத் மக்கள் கொல்லப்பட்டதும், வதைக்கப்பட்டதும், சூறையாடப்பட்டதும் மெய். மெய்யான துயரத்துக்குப் பொய்யின் துணை எதற்கு? ‘புலி வருது’ என்று விளையாட்டாகக் கூவிய சிறுவனின் கதை நமக்குத் தெரியும். புலி உண்மையாகவே வந்தபோது ஊரார் வரவில்லை. பொய் வெளியானபின், மெய்யாகத் துன்புற்றவர் அழுதாலும் உலகம் சந்தேகத்தோடு பார்க்கும். அந்தப் பொய்யினால் ஈராக்கியருக்கு நேர்ந்த தீங்கோடு குவைத்தியருக்கும் தீங்கு நேர்ந்தது என்பதே என் கருத்து.

நயிராவை நான் வெறுக்கவில்லை. எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பெரியவர்கள் எனக்கும் சொல்லித் தந்தார்கள். பதினைந்து வயதில் பெரியவர்கள் தரும் சொற்களை நாம் நம்பிச் சொல்லிவிடுகிறோம். ஆனால் சொல்வது நம் வாய் அல்லவா? பொய்ச்சான்று சொல்லக் கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். தெரியாமல் சொன்னாலும், தெரிந்த பின் திருத்தாமல் இருப்பது குற்றமே. ஆம்னஸ்டி தன் தவற்றை ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன்.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்றார்கள் நம் முன்னோர். இன்று செய்தி கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. போர்ச் செய்தி எதுவாயினும் நான்கு கேள்விகள் கேட்போம். சொல்பவர் யார்? அதைச் சொல்ல வைத்தவர் யார்? நேரில் கண்ட வேறு ஒருவர் உண்டா? எதிர்ப்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள்? நம்மை மிகவும் அழ வைக்கும் செய்தியையே மிகவும் விசாரிக்க வேண்டும். இரக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஏமாற்றப்பட்ட இரக்கம் ஆயுதமாகிவிடும் என்கிறேன்.

கோப்பையைத் திருப்பித் தந்துவிடலாமா என்று தலைமையாசிரியையான சகோதரியிடம் கேட்டேன். போட்டி நடத்தியவர்களுக்கு உண்மையைக் கடிதமாக எழுதும்படியும், நம் ஆண்டு மலரிலும் எழுதும்படியும் அவர்கள் சொன்னார்கள். கடிதத்தைச் சென்ற மாதம் அனுப்பிவிட்டேன். அன்று என் பேச்சைக் கேட்டுக் கலங்கியவர்கள் இதையும் படிக்க வேண்டும் என்பதே என் ஆசை.