வாங்கிய பின் வளராத மெமரி!



உள்ளங்கை அளவு போர்டு. சில ஆயிரம் ரூபாய். டிவியில் ஒரு வயர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ்... வீட்டிலேயே சொந்தக் கம்ப்யூட்டர் ரெடி! இந்த ஆசையில்தான் நானும் ஒரு ராஸ்ப்பெரி பை 3 வாங்கினேன். ஆசை தப்பில்லை. கணக்குப் போடாமல் வாங்கியதுதான் தப்பு.

புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. ஒரு பக்கம் ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன், மறுபக்கம் பிரவுசரில் டேட்டா ஷீட், மெயில், ஒரு வீடியோ பாடம். திடீரென்று மவுஸ் அம்பு அப்படியே நின்றுவிட்டது. போர்டில் பச்சை விளக்கு மட்டும் விடாமல் மினுக்குகிறது. பத்து நிமிஷம் பார்த்தேன். பொறுமை போய் பிளக்கைப் பிடுங்கினேன். கடைசியாக சேவ் பண்ணியதற்குப் பிறகு அடித்த நாலு பக்கமும் போச்சு!

போர்டு கெட்டுப் போகவில்லை. மெமரி நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். பை 3-இல் இருப்பது 1 ஜிபி. திரையில் படம் காட்டும் பகுதிக்கும் அதிலிருந்தே பங்கு போகிறது. மிச்சத்தில் டெஸ்க்டாப்பும் பிரவுசரும் உட்கார வேண்டும். இன்றைய வலைப்பக்கம் ஒன்றே சில நூறு எம்பியை விழுங்கும். இடம் தீர்ந்ததும் லினக்ஸ், சும்மா இருக்கும் பக்கங்களை எஸ்டி கார்டில் எழுதிவைக்கப் பார்க்கிறது. கார்டோ மெமரியைவிடப் பல மடங்கு மந்தம். எழுதுவதும் படிப்பதுமாகவே நேரம் போகிறது. அந்தப் பச்சை விளக்கு சொன்ன சேதி அதுதான். இப்படி ஓயாமல் எழுதினால் கார்டும் தேய்ந்துபோகும். அந்த ஸ்வாப் இடமும் தீர்ந்தால் லினக்ஸ் பெரிய புரோகிராமாகப் பார்த்து நிறுத்திவிடும். பெரும்பாலும் பிரவுசரின் தலைதான் உருளும்!

"கூட ஒரு ரேம் போட்டுக்கலாம்ப்பா" என்று நண்பன் சொன்னான். போட முடியாது. மெமரி சிப் போர்டிலேயே சால்டர் பண்ணப்பட்டது. அதிலும் பை 3-இன் சிப் அமைப்பு 1 ஜிபிக்கு மேல் ஏற்காது. பழைய பிசியில் ஸ்லாட் இருக்கும், இங்கே இல்லை. மந்தமான கார்டுக்குப் பதில் யுஎஸ்பி எஸ்எஸ்டி மாட்டலாம், சூட்டுக்கு ஃபேன் வைக்கலாம். மெமரியை மட்டும் வாங்கிய பிறகு திருத்த வழியில்லை. நான் சொல்ல வந்ததே இதுதான்: இந்த போர்டுகளில் விலையைப் பார்க்கும் முன் மெமரியைப் பாருங்கள்!

செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 2012 பிப்ரவரியில் 35 டாலருக்கு வந்த முதல் ராஸ்ப்பெரி பையில் 256 எம்பிதான். பிள்ளைகள் புரோகிராமிங் கற்க அது போதும். அதே ஆண்டு 512 எம்பி ஆனது. 2015-இல் பை 2, 2016-இல் பை 3 இரண்டும் 1 ஜிபி. 2019-இல் வந்த பை 4-இல்தான் 4 ஜிபி வரை கிடைத்தது, 2020-இல் 8 ஜிபி. 2025 ஜனவரியில் 16 ஜிபி பை 5 வந்தது. விலை 120 டாலர்! அந்த டிசம்பரிலேயே மெமரி சிப் விலை ஏறி, போர்டு விலைகளும் ஏறின. கூடவே 1 ஜிபி பை 5 ஒன்றை 45 டாலருக்கு விட்டார்கள். பிராசசர் வேகம்தான். ஆனாலும் டெஸ்க்டாப் ஆசையில் அதை வாங்குகிறவர் என் பச்சை விளக்கைத் தரிசிப்பார்.

சரி, எவ்வளவு வேண்டும்? என் அனுபவக் கணக்கு இது. சென்சார், மோட்டார், ரிலே வேலைக்கு 1 ஜிபி தாராளம். டெஸ்க்டாப்பே வேண்டாம், வேறு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து வேலை பார்க்கலாம். டைப்பிங், பைத்தான், இரண்டு மூன்று டேப் என்றால் 2 ஜிபி. பிரவுசரும் கிகேட் போன்ற டிசைன் சாஃப்ட்வேரும் சேர்ந்து ஓட 4 ஜிபிக்குக் குறையக் கூடாது.

ஏற்கெனவே 1 ஜிபி வாங்கியவர்கள் கலங்க வேண்டாம். ஃப்ரீ என்று கட்டளை அடித்து மிச்ச மெமரியைப் பார்த்துப் பழகுங்கள். 32 பிட் சிஸ்டம் போடுங்கள், 64 பிட்டைவிடச் சிக்கனம். இசட்ரேம் மெமரிக்குள்ளேயே சுருக்கி வைக்கும், கார்டு பிழைக்கும். பெரிய சி++ புரோகிராமை நாலு கோரிலும் ஒரே நேரத்தில் கம்பைல் பண்ணாதீர்கள். நாலு கம்பைலர் ஓடினால் நாலு பங்கு மெமரி கேட்கும். ஒன்றாக விட்டால் மெதுவாகவாவது முடியும். ஆனால் இதெல்லாம் கைவைத்தியம்தான். உழக்குப் பானையில் படி அரிசி வேகுமா?

டெஸ்க்டாப் மட்டும்தான் தேவை, பின்களில் எதையும் இணைக்கப் போவதில்லை என்றால் ரேம் ஸ்லாட் உள்ள செகண்ட் ஹேண்ட் பிசியே மேல். இதைச் சொன்னால் போர்டு பிரியர்கள் கோபிப்பார்கள். பரவாயில்லை!

நாளை நம் லேபுக்கு போர்டு வாங்கும் பேச்சு வந்தால் எண்ணிக்கையைப் பார்த்துக் கைதட்டாதீர்கள். "என்ன வேலைக்கு? எத்தனை ஜிபி?" என்று எழுந்து கேளுங்கள். ஒருவர் வேலை முடிக்கும் பத்து போர்டு, இருபது பேர் பச்சை விளக்கைப் பார்த்து உட்காரும் இருபது போர்டைவிட நல்லது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் தோழர்களே. அதற்கு முதலில் விரலை அளக்க வேண்டும்!

— மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன்