நிரம்பாத அரங்கம்

மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி என்று அறிவித்தால் ஏழரை மணிக்குச் செல்வதே அறிவுடைமை என்ற கொள்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. "முதலில் யாரோ சின்னக் குழுவாம், பெரியவர் வரட்டும், போகலாம்" என்று விடுதியிலேயே தேநீரும் அரட்டையுமாக அமர்ந்துவிடுகிறோம். இக்கொள்கையை நான் மறுக்கிறேன். மறுப்பதற்கு இரக்கத்தைத் துணைக்கு அழைக்கப் போவதில்லை, இயற்பியலை அழைக்கிறேன்.

சென்ற கலை விழாவில் இந்தித் திரைப்படப் பாடகர் ஒருவர் பாட வந்தார். அவருக்கு முன்னால் பாட, ஷில்லாங்கிலிருந்து வந்த நால்வர் கொண்ட ராக் இசைக் குழுவுக்கு 25 நிமிடம் ஒதுக்கியிருந்தனர். நாற்காலி போடும் தொண்டர்களில் ஒருவனாக நான் நான்கு மணிக்கே அங்கு இருந்தேன். பாடகரின் குழுவினர் தங்கள் ஒலிச் சோதனையை ஐந்தே முக்கால் வரை நீட்டினர். அவர்களுடைய டிரம்ஸ் உயர்ந்த மேடையில் துணி போர்த்திக்கொண்டு அரசரைப்போல் வீற்றிருந்தது. ஷில்லாங் இளைஞர்களின் டிரம்ஸோ மேடையின் விளிம்பில் ஒண்டிக்கொண்டிருந்தது. சோதனைக்கு அவர்கள் பெற்றது ஒரு பாட்டின் பாதி. மணி ஆறு. 1,200 நாற்காலிகளில் எழுபது பேர் இருந்திருப்போம்.

முதற் பாட்டு குழம்பாகவே கேட்டது. கித்தாரின் ஒரு சுரம் அடங்குமுன் அடுத்த சுரம் அதன் முதுகில் ஏறியது. "வாசிக்கவே தெரியவில்லையே" என்றார் பக்கத்திலிருந்தவர். வாசிக்கத் தெரியாமலில்லை ஐயா, அரங்கம் காலியாக இருந்தது!

1895-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம், ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையைச் சீர்செய்யும் பணியை ஒப்படைத்தார்கள். அங்கே பேசிய சொல் அடங்க ஐந்தரை நொடி ஆயிற்றாம். பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. சபீன் பக்கத்து அரங்கிலிருந்த மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பினார். ஆர்கன் குழல் ஒன்றை ஒலிக்கச் செய்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கொள்ளளவு கூடினால் அந்நேரம் கூடும்; ஒலியை விழுங்கும் பொருள் கூடினால் குறையும் என்பதே அவர் கண்ட விதி. மனிதரும் அவ்வாறு விழுங்கும் பொருளே! உடுத்த உடையோடு ஒருவர் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை விழுங்குகிறார்.

நம் அரங்கைப் போன்ற ஒன்று 10,000 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுவரும் கூரையும் திரையுமாக 450 சதுர மீட்டர் விழுங்கட்டும். சபீன் விதிப்படி, காலியாக இருக்கையில் ஒலி அடங்க 3.6 நொடி. எழுபது பேர் வந்தால் 3.3. அனைவரும் வந்துவிட்டால் ஒன்றரை நொடி. மெத்தை இருக்கையாயின் இவ்வளவு வேறுபாடு வராது. நமக்கு வாய்த்தது பிளாஸ்டிக் நாற்காலி. அதே கருவி, அதே விரல். ஆனால் எட்டு மணிப் பாடகருக்குக் கிடைக்கும் அரங்கம் வேறு, ஆறு மணிக் குழுவுக்குக் கிடைக்கும் அரங்கம் வேறு. வராதவர்கள் அங்கே வெறுமனே இல்லாமற் போகவில்லை, பாட்டையே கெடுத்தார்கள்.

மூன்றாம் பாட்டில் அந்த இளைஞர்கள் செய்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அரங்கின் நோயை அவர்களே கண்டுகொண்டனர். தாளத்தை மெதுவாக்கினர், பேஸ் கித்தாரைத் தணித்தனர், சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே ஒலி அடங்க இடம் விட்டனர். எதிரொலியைப் பகைக்காமல் ஐந்தாவது கருவியாகச் சேர்த்துக்கொண்டார்கள்! அது காசி மொழிப் பாட்டு. அசாமியமோ இந்தியோ அதற்கு உறவில்லை. தொலைவில் கம்போடியாவின் கெமர் மொழிதான் அதற்கு உறவு. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் எழுபது பேரும் பேச்சை நிறுத்தினோம். தமிழ்ப் பாட்டு என்றால் இங்கே எவரும் காது கொடுப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் நாம், அன்று எங்கே இருந்தோம்? நம் சங்கத்தார் மூவரைத்தான் கண்டேன். இருபதாவது நிமிடத்தில் ஒருவர் கைவிளக்கை ஆட்டினார். ஐந்தாம் பாட்டு பாடப்படவேயில்லை.

இவ்விடத்தில் சிலர் வரலாறு பேசுவார்கள். 1963-இல் பீட்டில்ஸ் குழுவினர் ஹெலன் ஷாபிரோ என்ற பதினாறு வயதுப் பாடகியின் சுற்றுப்பயணத்தில் துணைக் குழுவாகத்தான் சென்றனர். 1981-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் பாடிய பிரின்சைக் கூட்டம் பொருள்களை வீசி விரட்டியது. ஆகவே சின்னக் குழுவையும் மதியுங்கள், நாளை பெரியவராகலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. இது பரிசுச் சீட்டு வாங்குபவனின் கணக்கு. அந்த நால்வர் நாளை புகழ் பெறாமலே போகலாம். மூன்றாம் பாட்டு அதனால் குறைந்துவிடுமா?

மார்கழியில் சென்னைச் சபாக்களில் பிற்பகல் கச்சேரி செய்யும் இளைஞர்களைக் கேட்டால், காலி நாற்காலியைப் பற்றி அவர்களும் சொல்வார்கள். அவ்வளவு தொலைவு போவானேன்? நம் பொங்கல் விழாவிலேயே முதலாண்டு மாணவர்கள் பாடும்போது சங்கம் முழுவதும் சோற்று வரிசையில் நிற்கிறது.

ஆதலால் செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலில் பாடுவோருக்கும் இறுதியில் பாடுவோருக்கும் ஒலிச் சோதனைக்கு ஒரே அளவு நேரம் தருக. அழைப்பிதழில் எல்லார் பெயரும் ஒரே எழுத்தளவில் வருக. முதல் நிகழ்ச்சி முடிந்த பின்னரே உணவுக் கூடம் திறக்கப்படுக. மூன்றாவதைக் கேட்டு உணவுப் பொறுப்பாளர் சினங்கொள்வார். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.