படம் யாருக்குப் போகிறது?



நம்ம ஊரில் மேற்கே பார்த்தால் மலைதான். நமக்கு அது அய்யனார் கோவில் ஆற்றில் குளிக்கப் போகிற இடம். லீவு நாளில் செண்பகத்தோப்புக்குக் கூட்டமாய்க் கிளம்புகிற இடம். அடிவாரத்தில் தென்னையும் மாவும் வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சியைக் கேட்டுப் பாருங்கள்! யானை எப்போ இறங்கும், பன்றி எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் ராத்திரி முழுக்க முழித்துக் கிடக்கிற பாடு அவருக்குத்தான் தெரியும்.

இந்த மலையில் 1988-ல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயம் வந்தது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து 1,016 சதுர கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. நாட்டில் 51-வது, தமிழ்நாட்டில் 5-வது. பெருமைதான்! ஆனால் காப்பகத்தின் எல்லைக்கல் யானைக்குத் தெரியுமா? தென்னங்குருத்து வாசம் அடித்தால் அது பாட்டுக்கு இறங்கி வரும்.

இங்கேதான் ஒரு சின்னப் பெட்டி நம் கவனத்துக்கு வருகிறது. சிம் கார்டு போட்ட டிரெயில் கேமரா! மரத்தில் கட்டி வைத்தால், உடம்புச் சூடுள்ள ஏதாவது முன்னால் நகரும்போது தானாகப் படம் எடுத்து, நம் செல்போனுக்கு அனுப்பிவிடும். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வருகிறது. "எந்த கேமரா நல்லது?" என்று கேட்கிற நண்பர்கள் பெருகிவிட்டார்கள். என் கட்சி என்னவென்றால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எடுக்கிற படம் யாருக்குப் போகிறது?

ஏன் இப்படிக் கேட்கிறேன்? இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வேட்டைக்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. மான் எந்த நேரத்தில் எந்தப் பாதையில் வருகிறது என்று வீட்டில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டு துப்பாக்கியோடு போவது அங்கே ஒரு பொழுதுபோக்கு. ஆனால் அங்கேயே, "இதெல்லாம் ஒரு வேட்டையா?" என்று கேள்வி எழுந்து, அரிசோனா மாநிலம் 2022 முதல் வேட்டைக்கு இந்த கேமராக்களைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டுவிட்டது.

நம்ம நாட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். சுடுவது மட்டுமில்லை நண்பர்களே, கண்ணி வைப்பதும், விரட்டுவதும், இரை வைத்துக் கவர்வதும்கூட அந்தச் சட்டத்தில் "வேட்டை"தான். கேமரா முன்னால் பலாப்பழத்தை வைத்து யானையை வரவழைத்துப் படம் பிடிக்க நினைக்கிற ஆர்வக் கோளாறுகள் இதைக் குறித்துக்கொள்ளவும்! சரணாலயத்துக்குள் போவதற்கும் படம் எடுப்பதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைத்தான் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும்.

ராஜபாளையம் நாய் பன்றி வேட்டைக்குப் பேர் போனது. 2005-ல் தபால் தலையிலேயே இடம் பிடித்துவிட்டது. அதே நாய் இன்றைக்குத் தோட்டத்துக் காவல் காக்கிறது. வேட்டைக்கு வந்த நாய் காவலுக்கு மாறும்போது, வேட்டைக்கு வந்த கேமரா மாறக் கூடாதா?

மாறியும் இருக்கிறது. 2018 புலிகள் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் தானியங்கி கேமரா கட்டி, 3 கோடியே 48 லட்சத்துக்கு மேல் படங்கள் எடுத்தார்கள். அதில் புலிப் படம் 76,651. கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. ஒரு புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றுபோல இருக்காது. அதனால் பாதைக்கு இருபுறமும் ஜோடியாகக் கட்டுவார்கள். கோவை மதுக்கரையில் ரயிலில் அடிபட்டு யானைகள் சாகக் கூடாது என்பதற்காக, 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களில் கேமராக்களைப் பொருத்தி, தண்டவாளத்துப் பக்கம் யானை வந்தாலே தகவல் போகிற மாதிரி செய்திருக்கிறார்கள்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளியை நினைத்துப் பாருங்கள். 2023 மார்ச்சில் அங்கே பயிரைக் காக்கத் திருட்டுத்தனமாய் மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அந்தக் கம்பியில் நாளைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிற மனுஷனும் சாகலாம். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி உயிரையே மேய்கிறது! அந்த வேலி இருக்கிற இடத்தில் ஒரு எச்சரிக்கை கேமரா இருக்கட்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

சரி, எதை வாங்குவது? டெக்னிக்கல் ஆட்கள் நாம், விளம்பரத்தில் போடுகிற மெகாபிக்சலைப் பார்த்து மயங்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது சிக்னல் பேண்ட். அமெரிக்காவுக்கென்று செய்தவை அந்த ஊர்க் கம்பெனி சிம்மோடு பூட்டியே வரும். நம்ம ஊரில் வெறும் பெட்டிதான். 4ஜி-யில் 3, 5, 8, 40 ஆகிய பேண்டுகளில் நம் சிம் எதைப் பிடிக்கிறதோ அது கேமராவில் இருக்கிறதா என்று பாருங்கள். 3ஜி மட்டும் உள்ளதை யாராவது மலிவாகத் தந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். வாங்குவதற்கு முன்னால் அதே சிம்மைப் போனில் போட்டு, கட்டப் போகிற மரத்தடியில் நின்று ஒரு படம் அனுப்பிப் பாருங்கள். மலை மறைப்பில் பத்தடி தள்ளினாலே சிக்னல் மாறும்.

அடுத்தது வெளிச்சம். ராத்திரிப் படத்துக்கு 850 நானோமீட்டர் எல்இடி போட்டவை தூரம் வரை காட்டும். ஆனால் லேசாய்ச் சிவப்பு தெரியும். 940 போட்டவை கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. தோட்டத்தில் கேமரா திருடு போகும் என்று பயந்தால் 940. பிறகு பேட்டரி. படம் அனுப்புகிற நேரத்தில் மின்சாரம் சட்டென்று அதிகம் இழுக்கும். பழைய செல் என்றால் வோல்டேஜ் இறங்கி, யானை வரும்போது கேமரா தூங்கிவிடும்! வெளியிலிருந்து 12 வோல்ட் பேட்டரியும் சின்ன சோலார் பேனலும் வைப்பது உத்தமம். பேனலை நிழலில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. உள்ளே இருக்கிற பிஐஆர் சென்சார், சூட்டைவிடச் சூட்டின் வித்தியாசம் நகர்வதைத்தான் பார்க்கிறது. நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் தரையும் உடம்பும் ஒரே சூடாகிவிட்டால் பகலில் ஏமாறும். காற்றில் ஆடுகிற தென்னை மட்டைக்கு எதிரே கட்டினால் விடிய விடிய மட்டைப் படம்தான் வரும்! கிழக்கு மேற்காகத் திருப்பாமல் வடக்கு தெற்காகத் திருப்புங்கள். சூரியன் தொந்தரவு இல்லை. பாதையைக் கொஞ்சம் சாய்வாகப் பார்க்கட்டும். நேர் குறுக்கே வைத்தால் படம் எடுப்பதற்குள் மிருகம் கடந்துபோய், வால் மட்டும் மிஞ்சும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கேமரா எதைப் பார்க்கக் கூடாது என்பது. உத்தரகண்டில் கார்பெட் காட்டைப் பற்றி 2024-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, புலிக்கென்று வைத்த கேமராவில் காட்டுக்கு ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் விழுந்து, அது வாட்ஸ்அப்பில் சுற்றிய கொடுமையைச் சொல்கிறது. ஊர்க்காரர்கள் கேமராவை உடைத்தார்கள். கோபம் நியாயம்தானே? செண்பகத்தோப்பில் பளியர் குடும்பங்கள் இருக்கின்றன. தேனுக்கும் விறகுக்கும் போகிற நம் அக்கா தங்கச்சிகள் இருக்கிறார்கள். ஆகவே கேமரா சொந்தத் தோட்டத்து எல்லைக்குள், அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிட்டு, பொதுப்பாதையைப் பார்க்காமல் இருக்க வேண்டும். படம் தோட்டக்காரருக்கும் வனத்துறைக்கும் போகட்டும். குரூப்பில் போட்டு லைக் வாங்குகிற வேலை வேண்டாம். "நேற்று ராத்திரி இந்த இடத்தில் கடமான்" என்று ஊருக்கே சொன்னால், அதைப் படிக்கிறவர்களில் ஒருத்தன் சுருக்குக் கம்பி வைத்திருப்பான். படம் வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு யானையைப் பார்க்க ஓடுவதும் கூடாது.

"இதுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்கிறீர்களா? மூன்றாம் வருஷ புராஜெக்டுக்குக் கடையில் காசு கொடுத்து ரெடிமேட் போர்டு வாங்கி, பெயர் எழுதி ஒட்டுகிற வழக்கம் நமக்குத் தெரியாததா! அந்தக் காசில் ஒரு பிஐஆர், ஒரு கேமரா போர்டு, ஒரு 4ஜி மாட்யூல் வாங்கலாம். ஈ.சி.இ. சர்க்யூட்டைப் பார்க்கட்டும், ட்ரிபிள் ஈ பேட்டரியைப் பார்க்கட்டும், மெக்கானிக்கல் மழை புகாத பெட்டி செய்யட்டும், கம்ப்யூட்டர்க்காரர்கள் பன்றிக்கும் மட்டைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கட்டும். அடிவாரத்தில் ஒரு தோட்டம், ஒரு மழைக்காலம் அது வேலை செய்தால் போதும். வைவாவில் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லலாம்.

சிந்திப்போம், செய்வோம் நண்பர்களே! அந்த அண்ணாச்சி ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டும். யானையும் உயிரோடு மலை ஏறட்டும்.